மணலில் உறைந்த எண்ணெயும் நீராவியும்

சத்திரம் பேருந்து நிலையத்தின் விடியற்காலையை அறியாத மாணவர் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். துறையூர், முசிறி, இலால்குடிப் பக்கங்களிலிருந்து வரும் முதல் பேருந்துகள் அங்கேதான் வந்து நிற்கின்றன. திருவரங்கம் செல்லும் நகரப் பேருந்துகளும் அவ்வழியே செல்கின்றன. பழைய நிலையம் புதுப்பிக்கப்பெற்று 2021 டிசம்பரில் திறக்கப்பட்டபின் அதன் தோற்றம் மாறிவிட்டது. ஆயினும் சுற்றுப்புறத் தேநீர்க் கடைகளில் இட்டலிப் பானையின் மூடியைத் திறக்கையில் குபீரென எழும் வெண்ணிற ஆவி மட்டும் அன்று போலவே இன்றும் எழுகின்றது.

ஒரு மார்கழி வைகறையில் திருவரங்கப் பேருந்தை எதிர்நோக்கி நாம் அங்கு நின்றிருந்தோம். அருகே பெட்டிகளுடன் ஒரு பெரியவரும் அவர்தம் மகனும் நின்றிருந்தனர். மகன் பட்டயப் படிப்பு முடித்துக் கொதிகலன் இயக்குவதற்குரிய சான்றிதழும் பெற்றவன். ஓமன் நாட்டின் எண்ணெய் வயல் ஒன்றில் பணியேற்கச் செல்கின்றவன். நாம் கல்லூரி ஆசிரியர் என அறிந்ததும் பெரியவர் வினவினார்: "சார், கிணறு தோண்டினால் எண்ணெய் தானாகப் பீறிட்டு வரும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? இவன் போகிற இடத்தில் தண்ணீரைக் காய்ச்சி ஆவியைப் பூமிக்குள் விடுவார்களாம். எண்ணெய் எடுக்கிற ஊரில் ஆவி எதற்கு?"

பேருந்து வந்துவிட்டது. அரைகுறையாக ஏதோ கூறிவிட்டு ஏறிக்கொண்டோம். தமிழ் பயிற்றுவிக்கும் நமக்கு அவ்வினா பல நாள் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதன்பின் துறைசார் நூல்களைப் படித்தும் அறிந்தோரை வினவியும் தெளிந்தவற்றை இம்மலரில் வைக்கின்றோம். பெரியவருக்கு நாம் கடன்பட்டிருக்கும் மறுமொழி இது.

கீல் என்னும் பொருள்

உண்மையில் விடை அன்று அவ்விடத்திலேயே இருந்தது. நிலையத்தை அடுத்த சாலையைச் செப்பனிடுவோர் தார்ப்பீப்பாயின்கீழ் விறகை மூட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தனர். குளிர்ந்த தாரைக் கடப்பாரையால்தான் உடைக்கவேண்டும். அனல் பட்டால் அதுவே குவளையில் முகந்து ஊற்றும் பதத்திற்கு வருகின்றது. நம் இல்லங்களிலும் இதனைக் காண்கின்றோம். மார்கழிக் குளிரில் புட்டிக்குள் உறைந்த தேங்காயெண்ணெயை எவரும் கவிழ்த்துக் குலுக்கிக்கொண்டிரார். சுடுநீரில் சிறிது நேரம் வைத்தால் அது தானே இளகி வழியும்.

தாரின் நல்ல தமிழ்ப் பெயர் கீல் என்பதாகும். நிலத்திலிருந்து கிடைக்கும் கீலை நிலக்கீல் என்கின்றோம். மரக்கலங்களின் பலகைப் பொருத்துகளில் நீர் புகாவண்ணம் பூசப்பெற்ற பொருளையும் கீல் என்றே வழங்கினர். கனடா நாட்டின் அத்தபாஸ்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த பழங்குடி மக்களும் கரையோரம் கசிந்த நிலக்கீலை மரப்பிசினோடு கலந்து தம் ஓடங்களின் இணைப்புகளில் பூசினர் என்பதனை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழிச் சென்ற அலெக்சாந்தர் மெக்கன்சி எழுதிவைத்துள்ளார். கடலால் பிரிக்கப்பட்ட இரு திறத்தாரும் ஒரே பொருளின் ஒரே பயனைக் கண்டறிந்திருக்கின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அந்த அத்தபாஸ்கா ஆற்றுப்பகுதிதான் இன்று எண்ணெய் மணலுக்கு உலகப் புகழ் பெற்றது. அங்கே எண்ணெய் ஏரிபோல் தேங்கிக் கிடக்கவில்லை. ஒவ்வொரு மணல் பருக்கையைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம், அதற்கு வெளியே நிலக்கீல் எனப் பருக்கைகளின் இடுக்குகளெல்லாம் நிரம்பியிருக்கின்றன. கனடாவின் எண்ணெய் மணலிலிருந்து எடுக்கத்தக்க இருப்பு ஏறத்தாழ 16,000 கோடி பீப்பாய் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அதில் ஐந்தில் ஒரு பங்கே தரையைத் தோண்டி அள்ளத்தக்க ஆழத்தில், அதாவது எழுபத்தைந்து மீட்டர் அளவிற்குள் உள்ளது. எஞ்சிய நான்கு பங்கினை இருக்கும் இடத்திலேயே இளக்கி மேலே கொணர்தல் வேண்டும்.

ஒரு நீர்மம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கத்தைப் பாகுநிலை என்பர். அதனை அளக்கும் அலகு சென்டிபாய்ஸ். தண்ணீரின் பாகுநிலை ஒன்று. ஆமணக்கெண்ணெயினது ஏறத்தாழ ஆயிரம். தேனினது பத்தாயிரத்தை ஒட்டியது. அத்தபாஸ்கா நிலக்கீல் தன் இருப்பிடத்தின் குளிரில் பத்து இலட்சத்தையும் தாண்டி நிற்கின்றது. அதனை இருநூறு டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினால் பத்திற்கும் கீழே இறங்கிவிடுகின்றது. பத்து இலட்சத்திலிருந்து பத்து! இந்த ஒரு வீழ்ச்சியை நம்பியே இத்தொழில் முழுவதும் நடைபெறுகின்றது.

தவறிக் கிடைத்த முறையும் சிந்தித்துக் கிடைத்த முறையும்

ஆவியால் எண்ணெயை இளக்கும் முறைகளுள் ஒன்று தற்செயலாகக் கிடைத்தது என்பர். 1959இல் வெனிசுவேலாவின் மேனே கிராந்தே வயலில் ஷெல் நிறுவனத்தார் ஒரு கிணற்றில் ஆவியைச் செலுத்தி, அது அடுத்த கிணற்றை நோக்கி எண்ணெயைத் தள்ளும் என எதிர்பார்த்தனர். ஆவியோ நிலத்தைப் பிளந்துகொண்டு மேலே கிளம்பியது. அழுத்தத்தைத் தணிக்கும்பொருட்டு ஆவி செலுத்திய கிணற்றையே திறந்துவிட்டனர். அதிலிருந்து எண்ணெய் கொட்டலாயிற்று. அன்று முதல் ஒரே கிணற்றில் சில வாரங்கள் ஆவி செலுத்துதல், சில நாட்கள் மூடி ஊறவிடுதல், பின் சில மாதங்கள் எண்ணெய் இறைத்தல், வரத்து குறைந்ததும் மீண்டும் ஆவி செலுத்துதல் என்னும் சுழல்முறை வழக்கிற்கு வந்தது.

மற்றொரு முறை இம்பீரியல் ஆயில் நிறுவனத்தில் பணியாற்றிய ராஜர் பட்லர் என்னும் பொறியாளரின் சிந்தனையில் உருவானது. இரண்டு கிணறுகளைச் செங்குத்தாக இறக்கிப் பின் மணற்படுகைக்குள் கிடைமட்டமாக வளைத்துச் செலுத்துவர். ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஐந்து மீட்டர் இடைவெளியில், பல நூறு மீட்டர் தொலைவிற்கு அவை இணையாகச் செல்லும். மேற்குழாயில் ஆவி செல்லும். அது மேலெழுந்து மணலைச் சூடாக்கும். குளிர்ந்து நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை விட்டுவிடும். இளகிய கீலும் அந்நீரும் தம் எடையால் கீழ்க்குழாயை நோக்கி வடியும். இட்டலிப் பானையின் மூடியில் ஆவி பட்டு நீர்த்துளிகளாகி ஓரங்களில் வழிவதைக் கண்டவர்க்கு இம்முறையை விளக்க வேறு படம் வேண்டுவதில்லை. போர்ட் மக்மரி நகரருகே நிலத்தடிச் சுரங்கம் அமைத்து 1980களில் இதனைச் சோதித்துப் பார்த்தனர். 2001இல் பாஸ்டர் கிரீக் என்னுமிடத்தில் வணிக அளவில் தொடங்கினர்.

இவ்விரு முறைகளையும் ஒரு மாணவர் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். அரிது யாதெனின், ஒரு குறிப்பிட்ட வயலில் இதனைச் செய்யலாமா, கூடாதா என முன்கூட்டி முடிவு செய்தல். நாளிதழ்கள் 'இத்தனை கோடி பீப்பாய் கண்டுபிடிப்பு' எனப் பெரிய எழுத்தில் வெளியிடும்போது நாம் வியந்துபோகின்றோம். அந்த எண்ணை மட்டும் கொண்டு ஆவித் திட்டத்தைப் பற்றி எதுவும் கூற இயலாது. பாறை, தண்ணீர், எரிபொருள் ஆகிய மூன்றையும் வினவியபின்னரே எண்ணெயைப் பற்றிப் பேசவேண்டும்.

பாறையைக் கேட்டல்

முதலில் துளையிட்டுப் பாறையின் உருளை வடிவ மாதிரிகளை எடுப்பர். மணற்படுகை எத்தனை மீட்டர் தடிப்புடையது, பருக்கைகளுக்கிடையே எவ்வளவு வெற்றிடம், அவ்வெற்றிடங்கள் ஒன்றோடொன்று இணைந்துள்ளனவா, அவற்றில் எண்ணெய் எவ்வளவு, நீர் எவ்வளவு என ஆராய்வர். இடையிடையே களிமண் பாறையின் மெல்லிய ஏடுகள் படிந்திருக்குமானால் ஆவி அவற்றைத் தாண்டி மேலேறாது. புட்டுக் குழாயின் நடுவே ஒரு தட்டை வைத்து அடைத்தால் மேற்பாதி மாவு வேகாமல் நின்றுவிடுமல்லவா? அதனைப் போன்றதே இது.

இதனைக் குறைத்து மதிப்பிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஆல்பர்ட்டாவின் லாங் லேக் திட்டம் சான்றாகும். நாளொன்றுக்கு 72,000 பீப்பாய் நிலக்கீல் எடுப்பதற்கென வடிவமைக்கப்பெற்ற அத்திட்டம் 2008இல் எண்ணெய் தரத் தொடங்கியது. மணற்படுகை எதிர்பார்த்ததைவிடச் சீரற்றதாகவும், நீர் மிகுந்த பகுதிகளைக் கொண்டதாகவும் இருந்தமையால் பல ஆண்டுகள் அதன் பாதியளவை ஒட்டியே நின்றது. ஆலையும் கொதிகலன்களும் முழு அளவிற்குக் கட்டப்பட்டுவிட்டன. மணல் பாதிக்குத்தான் இசைந்தது.

மணலுக்கு மேலே இருக்கும் பாறையோ இன்னும் முதன்மையானது. ஆவி மேலே கசியாமல் தடுக்கும் மூடி அதுவே. வீட்டுப் பிரஷர் குக்கருக்கு ரப்பர் வளையமும் எடையும் இருப்பதுபோல் வயலுக்கு மூடுபாறையும் அழுத்த வரம்பும் உண்டு. குக்கரின் வளையம் நைந்திருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். மூடுபாறையை மாற்ற இயலாது. 2006 மே 18 அன்று விடியற்காலையில் ஆல்பர்ட்டாவின் ஜாஸ்லின் கிரீக் என்னுமிடத்தில், டோட்டல் நிறுவனம் இயக்கிய ஆழங்குறைந்த வயலில், ஆவி மூடுபாறையைப் பிளந்துகொண்டு தரைக்கு மேல் வெடித்தது. ஏறத்தாழ 125 மீட்டர் நீளமும் 75 மீட்டர் அகலமும் கொண்ட நிலப்பரப்பு சிதைந்தது. கற்கள் பல நூறு மீட்டர் தொலைவிற்குத் தூக்கி எறியப்பட்டன. அந்நேரத்தில் அருகே எவரும் இல்லாமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. நாம் சத்திரத்தில் நின்றிருந்ததும் ஏறக்குறைய அதே விடியற்பொழுதுதான். வேலைநேரத்தில் நிகழ்ந்திருக்குமாயின் அச்செய்தியை வேறு விதமாகப் படித்திருப்போம்.

அதன்பின் ஆழங்குறைந்த வயல்களுக்கென ஆல்பர்ட்டா அரசின் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு விதியை வகுத்தது. மூடுபாறை பிளக்கத் தொடங்கும் அழுத்தத்தைச் சிறு அளவிலான சோதனையால் முன்னரே அளந்தறிதல் வேண்டும். ஆவியின் அழுத்தம் அதில் 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஆகவே, எண்ணெய் விரைவாக வரட்டும் என்று அழுத்தத்தைக் கூட்டும் ஆசைக்குத் திட்டம் தீட்டும் நாளிலேயே கடிவாளம் இடப்படுகின்றது.

வெப்பத்தின் விலை

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு கிராம் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்ற 80 கலோரி போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஆவியின் ஆற்றல் அதன் சூட்டில் இல்லை. இந்த 540இல்தான் பொதிந்துள்ளது. அடுப்பங்கரையில் கொதிநீர் பட்ட கையைவிட ஆவி பட்ட கை மிகுதியாகப் புண்படுவதும் இதனாலேயே.

ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க எத்தனை பீப்பாய் தண்ணீரை ஆவியாக்க வேண்டியுள்ளது என்பதனை ஆவி எண்ணெய் விகிதம் என்பர். நல்ல வயல்களில் அது மூன்றை ஒட்டியிருக்கும். ஒரு பீப்பாய் 159 லிட்டர். மூன்று பீப்பாய் 477 லிட்டர். அத்தனை நீரையும் 250 டிகிரி ஆவியாக்கக் கொதிகலனின் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 150 கோடி ஜூல் ஆற்றல் செலவாகும். ஒரு பீப்பாய் எண்ணெயில் உள்ளுறைந்த ஆற்றலோ ஏறத்தாழ 610 கோடி ஜூல். அஃதாவது நான்கு பங்கு எண்ணெயை எடுக்க ஒரு பங்கு எரிபொருளை எரிக்கின்றோம். விகிதம் எட்டானால் மூன்றில் இரண்டு பங்கு எரிந்துபோம். பன்னிரண்டானால் எடுப்பதும் எரிப்பதும் சமம். கடலில் வலைவீசிப் பிடித்த மீன் முழுவதும் படகின் டீசலுக்கே சரியாய்ப் போன கதையாகும். இவை தோராயக் கணக்குகளே. திரும்பும் நீரின் சூட்டை மீட்டுச் சிறிது சேமிக்கலாம். ஆயினும் ஒரு திட்டத்தின் உயிர் இந்த ஒற்றை எண்ணில் தங்கியுள்ளது என்பது விளங்கும். எரிபொருள் செலவோடு, எரித்ததனால் வானிற் கலக்கும் கரியமில வாயுவும் இதே எண்ணைப் பின்பற்றியே கூடுகின்றது.

தண்ணீர்க் கணக்கும் இதனுள் அடங்கும். நாள்தோறும் 10,000 பீப்பாய் எண்ணெய், விகிதம் மூன்று எனக் கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 48 இலட்சம் லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு 135 லிட்டர் என வகுத்திருக்கும் அளவின்படி 35,000 மக்களுக்கு ஒரு நாள் தேவை அது. கனடாவில் எண்ணெயோடு மேலே வரும் நீரில் பெரும்பகுதியைப் பிரித்துத் தூய்மை செய்து மீண்டும் கொதிகலனுக்கே அனுப்புகின்றனர். அத்தூய்மைதான் எளிதன்று. கீல், களிமண், உப்பு, சிலிக்கா ஆகியன கலந்த நீரைக் கொதிகலனில் முற்றிலும் ஆவியாக்கினால் குழாயின் உட்புறம் உப்புப் படிந்து ஒரு நாள் குழாய் வெடிக்கும். ஆதலால் நூறு பங்கு நீரில் எண்பது பங்கை மட்டும் ஆவியாக்கி, உப்பையெல்லாம் சுமந்துசெல்ல இருபது பங்கினை நீராகவே விட்டுவிடுகின்றனர்.

ஆழம் கூடக் கூட மற்றோர் இடர் எழுகின்றது. இதனைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட வியப்பை மறைக்கவேண்டியதில்லை. ஆழத்தில் அழுத்தம் மிகுதி. அழுத்தம் மிக மிக ஆவியின் சூடு உயரும். அதன் உள்ளுறை வெப்பமோ குறையும். 40 வளிமண்டல அழுத்தத்தில் ஆவி 250 டிகிரி. உள்ளுறை வெப்பம் ஏறத்தாழ 410 கலோரி. ஆயிரம் மீட்டர் ஆழத்திற்குரிய 100 வளிமண்டல அழுத்தத்திலோ சூடு 311 டிகிரி. உள்ளுறை வெப்பம் 315 கலோரி மட்டுமே. இன்னும் ஆழ்ந்து சென்றால் 374 டிகிரியில் அது அடியோடு மறைந்து, ஆவிக்கும் நீருக்கும் வேறுபாடே இல்லாமற் போகும். சூடு கூடியும் கொடை குறைகின்றது!

அந்த ஆயிரம் மீட்டர் குழாயும் சும்மா இருப்பதில்லை. 30 டிகிரியிலிருந்து 310 டிகிரிக்குச் சூடேறும் எஃகுக் குழாய் தடையின்றி விடப்பட்டால் மூன்று மீட்டருக்கும் மேலாக நீளும். தண்டவாளத்திற்கு இடைவெளி விடுவதுபோல் இங்கு விட இயலாது. சிமெண்டால் பாறையோடு பிணைக்கப்பட்டிருக்கின்றது. நீள முடியாத எஃகு தனக்குள்ளேயே நெருக்குண்டு வளையப் பார்க்கும். சாதாரணச் சிமெண்டும் இச்சூட்டில் வலுவிழக்கும்; ஆகவே அதனோடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிலிக்கா மாவைக் கலக்கின்றனர். ஆவி செல்லும் உட்குழாயை இரட்டைச் சுவருடையதாக்கி, இடையில் வெற்றிடம் அமைக்கின்றனர். பயணத்தில் நாம் எடுத்துச்செல்லும் வெந்நீர்க் குடுவையின் தத்துவமே அது. ஒரு கிலோமீட்டர் நீளக் குடுவை எனக் கருதிக்கொள்க.

நம் நாட்டில்

இந்தியாவில் எண்ணெய் மணல் கனடாவைப் போல் பரந்து கிடக்கவில்லை. எனினும் கனமான, எளிதில் ஓடாத எண்ணெய் உண்டு. வட குஜராத்தின் மேசானா வட்டாரத்தில் பலோல், சந்தால், லன்வா முதலிய வயல்கள் அவ்வகையின. அங்கே எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் வேறொரு வழியை மேற்கொண்டது. 1990இல் பலோல் வயலில் காற்றைப் பூமிக்குள் செலுத்தி, அங்குள்ள எண்ணெயில் ஒரு சிறு பகுதியை அங்கேயே எரியச்செய்து, அச்சூட்டால் எஞ்சியதை இளக்கும் சோதனையைத் தொடங்கியது. 1997இல் பலோலிலும் சந்தாலிலும் அதனை வணிக அளவிற்கு விரிவாக்கியது. தண்ணீரும் கொதிகலனும் வேண்டாத முறை இது. ஆனால் கண்ணிற்குத் தெரியாத நெருப்பை மேலிருந்து மேய்க்கவேண்டும்.

ஆவி முறைக்கு நம் நாட்டின் நேரான எடுத்துக்காட்டு இராஜஸ்தானில், ஜெய்சால்மர் மாவட்டத்துப் பாகேவாலா வயலாகும். ஆயில் இந்தியா நிறுவனம் 1991இல் அங்கே எண்ணெயைக் கண்டறிந்தது. ஆயிரம் மீட்டருக்கும் ஆழத்தில், ஜோத்பூர் மணற்பாறை எனப்படும் மிகப் பழைய பாறையில், பல ஆயிரம் சென்டிபாய்ஸ் பாகுநிலையோடு அவ்வெண்ணெய் உறைகின்றது. கண்டறிந்தபின் ஒரு தலைமுறைக்காலம் அதனைப் பெருமளவில் எடுக்க இயலவில்லை. 2010களின் பிற்பகுதியில்தான் சுழல்முறையில் ஆவி செலுத்தும் பணி தொடங்கியது. 2025இல் வயலின் நாள் விளைவு ஆயிரம் பீப்பாயைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் நாள் தேவை ஐம்பது இலட்சம் பீப்பாய்க்கும் மேல் என்பதனை நோக்க இது ஒரு துளியே. ஆனால் 1991இல் கண்டறிந்த துளியை மேலே கொணர எத்துணை ஆண்டுகள் ஆயின என்பதுதான் நாம் கருதற்குரியது.

மேலே வந்தபின்னும் இடர் தீர்வதில்லை. பாலைவனத்தின் குளிர்கால இரவில் எண்ணெய் மீண்டும் கெட்டிப்படும். குழாய்வழி அனுப்புவது எளிதன்று. ஆகவே அதனைத் தொட்டிலாரிகளில் ஏற்றி மேசானா வரை கொண்டுசென்று, அங்கிருந்து குழாய்வழி கோயலி சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்புகின்றனர். சாலை, லாரி, தொட்டி, வெப்பமூட்டும் சுருள் ஆகியனவும் திட்டத்தின் பகுதிகளே என்பதனைத் தொடக்கத்திலேயே எண்ணாதவர் பின்னர் எண்ணவேண்டியிருக்கும். பாலைவனத்தில் தண்ணீரின் அருமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

'நம் காவிரிப் படுகையிலும் இவ்வாறு ஆவி செலுத்துவார்களா?' என்று நம் வகுப்பில் ஒரு மாணவி வினவினார். நரிமணம், கோயில்களப்பால், புவனகிரி முதலிய இடங்களில் கிடைக்கும் எண்ணெய் பெரும்பாலும் இளகியது. மிக ஆழத்திலிருந்து வருவது. அதற்கு ஆவி தேவையுமில்லை, அவ்வாழத்தில் ஆவியால் பயனுமில்லை. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கோ 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் டெல்டா மாவட்டங்களில் தடை விதித்துள்ளது. திருச்சிராப்பள்ளி மாவட்டம் அச்சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை என்பதனையும் ஈண்டுக் குறித்துவைப்போம்.

கண்ணாடி மாளிகை

பெரியவரின் மகன் சென்ற ஓமன் நாட்டிற்கு வருவோம். வளைகுடா என்றதும் தானே பீறிடும் எண்ணெயையே நம்மவர் நினைப்பர். ஓமனின் வயல்கள் பலவற்றில் எண்ணெய் கனமானது. முகைஸ்னா, அமால் முதலிய வயல்களில் ஆவியின்றி அது அசையாது. ஆவிக்கு எரிவாயு வேண்டும். அவ்வெரிவாயு மின்னாக்கத்திற்கும் தொழிற்சாலைகளுக்கும் ஏற்றுமதிக்கும் வேண்டியிருக்கின்றது. இந்நெருக்கடியில் அந்நாட்டின் பெட்ரோலிய நிறுவனம் சூரியனை நாடியது. அமால் வயலில் அமைந்த அத்திட்டத்திற்கு மிர்ஆ எனப் பெயரிட்டனர். அரபு மொழியில் அது முகம் பார்க்கும் கண்ணாடியைக் குறிக்கும் என்பதனை நம் அரபுத் துறை மாணவர் அறிவர்.

வளைந்த கண்ணாடிகள் கதிரவன் ஒளியைக் குவித்து நீர்க்குழாயின்மேல் பாய்ச்ச, நீர் ஆவியாகின்றது. பாலைவனப் புழுதி கண்ணாடியில் படிந்தால் ஒளி குன்றும்; காற்றடித்தால் கண்ணாடி அசையும். இதற்காக அக்கண்ணாடிகள் அனைத்தையும் தாவரங்கள் வளர்க்கும் பசுமைக்குடில் போன்ற கண்ணாடிக் கூடங்களுக்குள் வைத்தனர். கூரையைக் கழுவ இயந்திரம், கழுவிய நீரை மீண்டும் பிடிக்க வழி. 2017இல் அங்கிருந்து ஆவி பிறந்தது. இரவில் சூரியன் இல்லாமையால் எரிவாயுக் கொதிகலன்கள் ஓயவில்லை. பகலில் மட்டும் எரிவாயு மிச்சப்படுகின்றது. மணற்படுகை ஆண்டுக்கணக்கில் சூட்டைத் தாங்கிக்கொள்வதால் பகலில் மிகுதியாகவும் இரவில் குறைவாகவும் ஆவி சென்றாலும் எண்ணெய் வரத்து பெரிதும் மாறுவதில்லை. சூரிய மின்சாரத்திற்குப் பெரிய மின்கலம் தேடுகின்றோம். இங்கு நிலமே வெப்பத்தின் கலமாகிவிடுகின்றது. அதனைக் கட்டியமைத்த நிறுவனம் 2020இல், எண்ணெய் விலை வீழ்ந்த காலத்தில், கலைக்கப்பட்டது என்பதனையும் மறைத்தல் ஆகாது. எண்ணெயை எடுக்க உதவும் தொழில், எண்ணெய் மலிந்தால் தானும் மெலியும்.

சென்ற ஆண்டு அதே சத்திரம் நிலையத்தில், துறையூர்ப் பேருந்து நிற்குமிடத்தில், பெரியவரை மீண்டும் கண்டோம். நாம் தேடித் தொகுத்தவற்றைச் சொல்லத் தொடங்கினோம். அவர் புன்னகையோடு பாதியைத் தாமே கூறினார். மகன் வாரந்தோறும் பேசுகின்றானாம். பணிமுறையில் ஒவ்வொரு முறையும் கொதிகலனுக்குள் செல்லும் நீரை எடுத்து, அதில் கடினத்தன்மை உள்ளதா எனச் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதுவதே அவனுடைய முதல் வேலையாம்.

"எண்ணெயைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டேன் சார். இன்னும் பார்க்கவில்லை அத்தா, தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறான்."

அத்தண்ணீர் எங்கிருந்து வருகின்றது என வினவினோம். எண்ணெயோடு கிணற்றிலிருந்து மேலே வரும் உப்புநீரைத்தான் பிரித்துச் சுத்தம் செய்து திரும்பவும் காய்ச்சுகின்றார்களாம் என்று கூறிவிட்டு, புறப்பட்ட துறையூர்ப் பேருந்தில் அவர் விரைந்து ஏறிக்கொண்டார்.